கல்லுக்கு வைத்த பெயர்

ஜூன் 3, சனி

காலையில் ஒரு மின்னஞ்சல். கட்ச் அம்மோனைட்டுகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறதாம், அச்சுக்குத் தகுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஆய்விதழின் ஆசிரியர் கேட்டிருக்கிறார். 'இந்த இனத்துக்குப் பெயர் வைத்தவரே நீங்கள்தான், உங்களை விட்டால் யாரைக் கேட்பது' என்று கூடவே ஒரு வரி. நன்றாக ஐஸ் வைக்கிறார். சரி என்று பதில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். கட்டுரையைத் திறந்து பார்த்தது அதற்கப்புறம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்திரத்தைப் படிக்கிற ஆள் நான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் 'கயலே' என்று பெயர் வைத்த சின்ன அம்மோனைட் தனி இனமே இல்லை என்கிறது கட்டுரை.

மீதி வெண்டைக்காயை வேலைக்கு வரும் பாக்கியம் நறுக்கினாள்.

ஜூன் 4, ஞாயிறு

எழுதினால்தான் எனக்குத் தெளியும். வாத்தியார் புத்தி. முதலிலிருந்தே எழுதுகிறேன்.

கட்ச் இன்று காய்ந்த பூமி. பதினாறு கோடி வருஷத்துக்கு முன் அங்கே கடல். கணவாய் மீனுக்குச் சொந்தக்காரப் பிராணிகள், நத்தை போலச் சுருண்ட ஓட்டுக்குள் இருந்துகொண்டு, அதில் நீந்தின. பிராணி போய்விட்டது, ஓடு கல்லாகக் கிடக்கிறது. அதுதான் அம்மோனைட். அடியில் இருக்கும் பாறை அடுக்கு பழையது, மேலே இருப்பது புதியது. அடுக்குக்கு அடுக்கு ஓட்டின் வரிகள் மாறும், வாய் மாறும். அதை வைத்து எது எதிலிருந்து வந்தது, எது யாருக்குப் பங்காளி என்று சொல்வதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. ஊர் ஜாதகமெல்லாம் பார்க்கிற தரகர் மாதிரி என்று அவர் கிண்டல் செய்வார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் கலியபெருமாள். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இன்ஜினியர்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே அடுக்கில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று சாப்பாட்டுத் தட்டு அகலம், வழவழப்பானது. நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் அதற்கு 'ரோபஸ்டா' என்று பெயர் வைத்தார். இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும். முரட்டு வரிகள். வாயின் இரண்டு பக்கமும் ஓடு காது மடல் போல நீண்டிருக்கும். அளவு சின்னது என்றாலும் குட்டி இல்லை, வளர்ச்சி முடிந்த உருப்படி. அதற்குத்தான் நான் பெயர் வைத்தேன்.

கட்டுரை எழுதிய பெண் ருச்சிகா சோலங்கி, வடோதராவில் ஆய்வு மாணவி. பெரியது பெண், சின்னது ஆண், இரண்டும் ஒரே இனம் என்கிறாள். அம்மோனைட்டில் இப்படி ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது. புருஷனையும் பெண்டாட்டியையும் வேறு வேறு சாதியென்று எழுதிவைத்துவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கம். ஒரு இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால் முந்தி வைத்த பெயர்தான் நிற்கும். பிந்தியது போக வேண்டும். அது விதி.

கயல் என்பது எங்கள் குழந்தையின் பெயர். லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு ஏகாரம். பதினோரு மாதம் இருந்தாள்.

அதற்கப்புறம் அவர் இரண்டு வருஷம் தாடியோடு ஒர்க்ஷாப் போய் வந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை. என் கட்டுரை அச்சாகி வந்த அன்று புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். 'பூமி இருக்கிற வரைக்கும் இந்தப் பேரு இருக்கும், யாராலயும் எடுக்க முடியாது' என்று சொன்னேன். மறுநாள் காலை ஷேவ் செய்துகொண்டார்.

அந்த மனிதரிடம் நான் இப்போது என்ன சொல்வது?

ஜூன் 6, செவ்வாய்

சீயக்காய் அரைக்கக் கொடுத்தேன். மிக்ஸி ஜாரின் வாஷர் போய்விட்டது.

கட்டுரையை முழுதும் படித்தேன். நான்காவது படத்தில் அளவுகோல் இல்லை. மேற்கோள் பட்டியலில் ஒரு ஆண்டு தப்பு. இவ்வளவு கவனக்குறைவாக எழுதினால் எப்படி நம்புவது?

ஹாலில் ஷோகேஸில் குழந்தையின் போட்டோ பக்கத்தில் அந்தக் கல் இருக்கிறது. கயலேயின் முதல் மாதிரி கொல்கத்தாவில் அருங்காட்சியகத்தில். இது இரண்டாவது. முறைப்படி நான் பாடம் எடுக்கும் கல்லூரித் துறையில் இருக்க வேண்டியது, வீட்டில் இருக்கிறது. நான்கு மாதம் முழுகாமல் இருந்தபோது பூஜ்ஜுக்கு அப்பால் ஒரு காய்ந்த ஓடையில் இரண்டையும் நானே எடுத்தேன். அவர் டூட்டிக்குப் போனதும் கல்லை எடுத்து வெளிச்சத்தில் வைத்து அரை மணி பார்த்தேன். பொன் நிறம். இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

ஜூன் 7, புதன்

கல்லை நேற்று வாய் வாசல் பக்கம் பார்க்க வைத்தேன். இன்று எடுக்கப்போனால் ஜன்னலைப் பார்க்கிறது. பாக்கியம் துடைத்திருப்பாள்.

ஜூன் 9, வெள்ளி

இன்றும் ஜன்னலைப் பார்க்கிறது. பாக்கியத்தைக் கேட்டேன். "நான் தொடலக்கா. அதைத் தொடக் கூடாதுன்னு சார் அன்னைக்கே சொல்லிட்டாருல்ல" என்றாள். பின்னே கல்லுக்குக் கால் முளைத்திருக்கிறதா? பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

அவருடைய தம்பி பேத்திக்கு சமயபுரத்தில் காது குத்து. பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம். மொட்டையடித்த தலையில் சந்தனம், புதுக் கவுன், குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியை எடுத்ததும் அவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். டீ குடிக்க ஒரு மணி நேரமா? நான் உட்கார்ந்துதான் இருந்தேன். முதல் காதுக்கு அழுகை வரவில்லை. இரண்டாவதுக்குத்தான் வீறிட்டது.

சாப்பாட்டில் கேசரிக்குச் சர்க்கரை தூக்கல். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

நாங்கள் குறித்துவைத்திருந்த தேதியும் ஜூன் கடைசியில்தான்.

ஜூன் 14, புதன்

ருச்சிகா போன் செய்தாள். அவள் கட்டுரையைப் பார்ப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, எங்கள் முறை அப்படி. அவளுக்கு வேண்டியது வேறு. என் வசம் இருக்கும் இரண்டாவது மாதிரியை அறுத்துப் பார்க்க அனுமதிப்பேனா என்று கேட்டாள்.

அறுப்பது எதற்கென்றால், அம்மோனைட் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போடுவதில்லை. அதையே சுற்றிக்கொண்டு வளரும். ஆகவே எந்த அம்மோனைட்டும் தன் குழந்தைப் பருவத்தை வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கும். ஆணும் பெண்ணும் வெளியே வேறு மாதிரி இருந்தாலும் சின்ன வயதில் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். சின்னதை அறுத்து, அதன் உள்சுற்றுகளும் பெரியதின் உள்சுற்றுகளும் பொருந்திவிட்டால் வழக்கு முடிந்தது. கொல்கத்தாவில் இருப்பதை அறுக்க விடமாட்டார்கள். பெயருக்கு ஆதாரமான கல் அது. மிச்சம் என்னுடையதுதான்.

ஆகஸ்டில் அவளுக்கு உதவித்தொகை முடிகிறதாம். கட்டுரை ஏற்கப்படாவிட்டால் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாதாம். அதை அழுது வடியாமல், நேராகச் சொன்னாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெஞ்சியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

வைக்கும்போது கேட்டாள். "மேடம், கட்டுரையில உங்க மகள் பேருன்னு போட்டிருந்தீங்க. இப்ப பெரியவங்களா ஆகியிருப்பாங்களே, என்ன பண்றாங்க?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். வேறு என்ன சொல்வது, அவசரத்தில்.

ஜூன் 17, சனி

மதிப்பீடு எழுத ஆரம்பித்தேன். 'மாதிரிகளின் எண்ணிக்கை போதாது. உள்சுற்றுகள் பற்றிய நேரடிச் சான்று இல்லை. ஆகவே இப்போதைக்கு ஏற்பதற்கில்லை.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நேரடிச் சான்று எங்கள் ஷோகேஸில் இருக்கிறது என்பது அவளுக்கு என்ன தெரியும்? தெரியும், கேட்டாளே. இருந்தாலும் சான்று கட்டுரையில் இல்லை அல்லவா. நான் சொல்வது சரிதான்.

அனுப்பவில்லை. நெட் மெதுவாக இருந்தது.

கல் ஜன்னலைப் பார்க்கிறது.

ஜூன் 20, செவ்வாய்

அவர் லீவு, வருஷா வருஷம் இந்தத் தேதிக்குப் போடுவது போல. வீட்டில் விசேஷமாக எதுவும் செய்வதில்லை. இரண்டு பேரும் கிரிக்கெட் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை.

ஜூன் 22, வியாழன்

ஆசிரியரிடமிருந்து நினைவூட்டல். இன்னும் ஒரு வாரம் வேண்டும், உடம்பு சரியில்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நிஜமாகவே தலை வலித்தது.

மத்தியானம் துறையில் ரோபஸ்டாவின் பழைய வெட்டு ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எப்போதோ அறுத்தது. வெளிச்சுற்று வழவழ. உள்ளே போகப் போக வரிகள் முரடாகின்றன. அந்த முரட்டு வரியை நான் இதற்கு முன் பார்த்ததில்லையா என்ன? ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். தினமும் தூசி தட்டுகிற நிலைக்கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன் போல.

இழுப்பறையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினோம். அவர் உள்ளே இறங்கித் தேய்த்தார், நான் மேலிருந்து வாளி இறக்கினேன். குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு ஷோகேஸ் முன் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"வசு, இங்க வா. இந்தக் கல்லு வாய் எப்பவும் ஜன்னலைப் பாத்து இருக்கும். மூணு வாரமா சாயங்காலம் வந்து பாத்தா வாசலைப் பாக்குது. நானும் தினம் திருப்பி வைக்கிறேன், நீயும் தினம் மாத்தி வைக்கிற. என்ன விஷயம்?"

பாவம், பாக்கியத்தைச் சந்தேகப்பட்டேன்.

சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், எல்லாம் வந்துவிட்டது. ஆண், பெண், விதி, பெயர், கல்லை அறுப்பது வரை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"பேரு போனா அப்புறம் என்ன பேரு சொல்வாங்க?"

"ரோபஸ்டா."

"வாழைப்பழமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாடாதீங்க. அந்தப் பேரு யாராலயும் எடுக்க முடியாதுன்னு நான் உங்ககிட்ட சொன்னேன். அன்னைக்கு அதைக் கேட்டுத்தானே நீங்க தாடியை எடுத்தீங்க. இப்ப நானே கையெழுத்துப் போட்டு அதை எடுக்கணும்ங்கறாங்க."

அவர் துண்டை நாற்காலியில் போட்டார். ஈரத் துண்டை நாற்காலியில் போடாதீர்கள் என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்கிறேன்.

"நான் தாடி எடுத்தது அதுக்கில்ல வசு. ரெண்டு வருஷம் நீ தலைகூட வாராம கெடந்த. அன்னைக்குத்தான் ஒழுங்கா சேலை கட்டிட்டு, ஒரு புக்கைத் தூக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே வந்து நின்ன. நான் தாடியோட நின்னா நல்லாருக்குமா? அதான் எடுத்தேன்."

"அப்ப இந்தக் கல்லு? தினம் காலையில தொட்டுட்டுத்தானே டூட்டிக்குப் போறீங்க?"

"துடைச்சு வைக்கிறேன். உனக்கு வேணுமேன்னு. எனக்கு அதைப் புடிக்கவே புடிக்காது."

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதினெட்டு வருஷமாக இதைச் சொல்லாமல் எப்படி இருந்தீர்கள், நான் யாருக்காக இதை இங்கே வைத்திருக்கிறேன் என்று நினைத்தீர்கள் என்று கத்தினேன். மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வர்றவங்க போறவங்கள்லாம் இது என்னன்னு கேப்பாங்க. கயலேன்னு சொல்வோம், கட்ச்ல கெடைச்சுதுன்னு சொல்வோம். கல்லைப் பத்தி நானே அரை மணி நேரம் பேசுவேன், நீ சொல்லிக் குடுத்ததுதான. அவளைப் பத்தி என்னைக்காவது ஒரு வார்த்தை பேசுனோமா? நீயும் நானுமாவது பேசுனோமா? சமயபுரத்துல அந்தப் புள்ள அழுதுச்சே, எனக்குத் தாங்கல, எந்திரிச்சிப் போயிட்டேன். உனக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. எனக்கு என்ன ஆச்சுன்னு நீ கேட்டியா? பஸ்ஸுல கேசரியைப் பத்திப் பேசிட்டு வந்தோம்."

கேசரியைப் பற்றிப் பேசியது உண்மைதான். இந்த நோட்டிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

பிறகு அவரே போய் டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

ஜூன் 27, செவ்வாய்

பேசிக்கொள்ளவில்லை. தோசை, தக்காளிச் சட்னி.

இரவு சாப்பிடும்போது அவர் கேட்டார். "அதை அறுத்தா உள்ள என்ன தெரியும்?" சின்ன வயதில் எப்படி இருந்தது என்று தெரியும் என்றேன். எவ்வளவு சின்ன வயது என்றார். பிறந்ததிலிருந்து என்றேன். கையைக் கழுவ எழுந்தார்.

ஜூன் 30, வெள்ளி

"ஞாயித்துக்கிழமை உங்க லேபைத் திறக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

ஜூலை 2, ஞாயிறு

கல்லை என் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாறை அறுக்கிற இயந்திரம் பின்னறையில் இருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கல்லின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை. அழித்துப் போட்டேன், அதுவும் கோணல். "குடு, நான் போடுறேன்" என்று பென்சிலை வாங்கினார். எங்கே வர வேண்டும் என்று நான் காட்ட, அவர் போட்டார்.

"காது எந்தப் பக்கம் வரும்?"

"ரெண்டும் இந்தப் பாதியிலயே வந்துடும். ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுல்ல?"

"ஆகாதுங்க."

மரத்துண்டு வைத்துக் கல்லை இறுக்கினார். ஒருமுறை தளர்த்தி, காதுப் பக்கம் துணி வைத்துத் திரும்ப இறுக்கினார். பொத்தானை அழுத்தியது நான். வட்டக்கத்தி தொட்டதும் மஞ்சள் சேறாகத் தண்ணீர் வழிந்தது. முதல் மழையில் மண் நனைகிற வாசம் வந்தது. சத்தம் அதிகம்தான், என்றாலும் நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

இரண்டு பாதியும் பிரிந்தன. குழாயில் கழுவினேன். வெட்டிய முகத்தில் இரண்டு பக்கமும் பிறைகள், வெளியே பெரியது, உள்ளே வரவரச் சிறியது. நடுவில் கடுகை விடச் சின்னதாக ஒரு பொட்டு.

ரோபஸ்டாவின் வெட்டைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். உள்ளேயிருந்து நான்காம் சுற்று வரை அச்சு ஒன்றுதான். மாற்றி வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது. ருச்சிகா சொல்வது சரி. நான் வைத்த பெயர் தப்பு. வாய்விட்டுச் சொன்னேன், "சரியாத்தான் சொல்லியிருக்கா."

அவர் ரோபஸ்டாவைப் பார்க்கவே இல்லை. நடுவிலிருந்த பொட்டைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"முட்டைக்குள்ள இருக்கும்போதே கட்டின அறை. பிறந்தப்ப இவ்வளவுதான். இதைச் சுத்திச் சுத்தித்தான் மிச்சமெல்லாம் வளர்ந்துச்சு."

கட்டைவிரலால் அதன் மேல் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். துடைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. "கயல் பொறந்தப்ப ரெண்டே முக்கால் கிலோ" என்றார்.

இரண்டு கிலோ எண்ணூறு என்று திருத்தினேன். அது என்னால் முடியாத காரியம், தப்பான அளவைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது. அப்புறம் அங்கேயே, அந்தச் சேற்றுத் தரையில், ஸ்டூலைக்கூட இழுத்துப் போடாமல் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 3, திங்கள்

மதிப்பீட்டை அனுப்பிவிட்டேன். ஏற்கலாம். நான்காவது படத்துக்கு அளவுகோல் போடச் சொல்லியிருக்கிறேன், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. வெட்டின் படங்களையும் அளவுகளையும் ருச்சிகாவுக்குத் தனியாக அனுப்பினேன்.

பிறகு போன் செய்தேன். துள்ளிக் குதிக்காத குறை. அவள் மூச்சு விடும் வரை காத்திருந்து சொன்னேன்: அன்றைக்கு என் மகளைப் பற்றிக் கேட்டாய், நன்றாக இருக்கிறாள் என்றேன், இல்லை, பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். பெயரைக் காப்பாற்ற ஏதாவது வழி பார்க்கட்டுமா மேடம் என்று கேட்டாள், அழுதுகொண்டே. நல்ல பெண். அப்படியெல்லாம் வழி பார்க்கிறவள் இந்தத் துறைக்கு லாயக்கில்லை என்றேன். இனி யார் ரோபஸ்டாவைப் பற்றி எழுதினாலும், அதன் கீழே, முன்பு தவறாக வழங்கிய பெயர்கள் என்று சின்ன எழுத்தில் போட வேண்டும். அங்கே கயலே இருக்கும். அது போதும்.

காது இருக்கிற பாதி துறைக்குப் போய்விட்டது, எண் போட்டாகிவிட்டது. மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கே வைப்பது என்று கேட்டதற்கு அவர், "உன் மேஜையில வச்சுக்க, பேப்பர் பறக்காம இருக்கும்" என்றார். ஷோகேஸில் போட்டோ மட்டும் இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

சீசன் முடியப்போகிறது என்று சந்தையிலிருந்து இமாம்பசந்த் வாங்கி வந்தார். மூன்று பழம். ஒன்றை நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு டிவியைப் போடாமல் உட்கார்ந்தோம்.

"கயலுக்கு மாம்பழம்னா உசிரு" என்றார்.

"பதினோரு மாசக் கொழந்தை எங்கேங்க மாம்பழம் தின்னுச்சு? கொட்டையை வாங்கிச் சப்புனா, ஒரே ஒரு நாள்."

"சப்புனால்ல?"

சப்பினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கை வரை சாறு வழிய, பிடுங்கப் போனவரின் விரலைக் கடித்துவிட்டாள். கீழே இரண்டு பல்தான், ஆனாலும் தடம் விழுந்தது. எந்த விரல் என்று கேட்டேன். யோசிக்காமல் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினார்.